திருஇருதயத்தின் காலடியில் ஒரு செடி

பொயின்செட்டியா என்று கேட்டால் பலாபத்வலையில் ஒருவருக்கும் விளங்காது. கிறிஸ்மஸ் செடி என்றால் விளங்கும். நானும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறேன். கண்டி வீதியோரம், வாசனைத் தோட்டம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களின் வேன்கள் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் என் கடை. வருஷம் முழுக்க மண்சட்டி, பூச்செடி, தேங்காய்த் தும்புக் கட்டி. டிசம்பர் வந்தால் கிறிஸ்மஸ் செடி, நோன்பு வந்தால் பேரீச்சம்பழம். வாப்பா மாத்தளை டவுனில் துணி விற்றவர். அவருடைய வாப்பா மிளகும் கறுவாவும் வாங்கி விற்றவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உம்மா என்று சொல்லிப் பழகுவதற்குள் விலை சொல்லிப் பழகிவிடும்.

ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின கிழமை, எதிர்வீட்டு இராயப்பண்ணனின் மகன் ரஜீவ் வந்து ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தான்.

"நானா, இது அடுத்த வருஷமும் பூக்குமா?"

"தம்பி, நீ மறந்தாலும் அது மறக்காது."

எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவனுக்கும் சொன்னேன். சட்டியைக் கையில் எடுத்துவிட்டு அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்கிறவனுக்கு வேறு பதில் உண்டா? அது பூவே இல்லை, மேல் இலைகள்தான் சிவக்கின்றன, நடுவில் கடுகு மாதிரி மஞ்சளாக இருப்பதுதான் பூ என்பதைக்கூட நான் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

ரஜீவ் விலையும் கேட்கவில்லை. இராயப்பண்ணன் குடும்பத்தில் பேரம் பேசாமல் ஒருவர் என்னிடம் சாமான் எடுத்தது அதுதான் முதல் தடவை. புதுவருஷம் கழிந்த கையோடு அவன் வெளிநாடு போனான். சண்டை நடக்கிற ஒரு பனி நாடு. பட்டாளத்துக் குசினியில் சமையல் வேலை, துவக்குச் சத்தம்கூடக் கேட்காது என்று ஏஜென்சிக்காரன் சொன்னானாம். அவனும் என் மாதிரி ஒரு வியாபாரிதானே. போகும்போது பொடியன் தாயிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனான். "இது மறுபடி செவக்கிறப்ப நா வந்துருவேம்மா."

பெரிய வெள்ளிக்கு முன்பே அவனுடைய போன் நின்றுபோனது. பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்சிக்காரனின் போர்ட்டும் கழன்றுபோனது.

ஒக்டோபர் தொடக்கத்தில் டொறீன் அக்கா கடைக்கு வந்தார். ரஜீவின் தாய். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யூனிபோர்ம் தைக்கிறவர். கழுத்தில் அளவு நாடா தொங்க, தைத்துக்கொண்டிருந்த பாதியில் எழும்பி வந்திருக்கிறார். கதிரையைத் தள்ளிவிட்டேன், உட்காரவில்லை.

"நானா, அந்தச் செடி செவக்கிறதுக்கு ஏதும் ஒரம் இருக்கா?"

"எந்தச் செடி அக்கா?"

"நீங்க ரஜீவுக்கு வித்தீங்கல்ல. சாணி போட்டேன், முட்டக்கோது போட்டேன், தேயிலச் சக்க போட்டேன். தீர்த்தமும் தெளிச்சேன். பச்சப் பசேல்னு நிக்குது."

என் கை தானாக உரப் போத்தல் பக்கம் போய்விட்டது. பழக்கம். அதற்குள் அவர் சொன்னார், "அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சு நானா. நத்தாருக்குள்ள செவந்தா அவரு பூசப் பேச்ச எடுக்கக்கூடாது. செவக்கலன்னா, தை மாசம் நா வாயத் தொறக்காம அவரோட கோயிலுக்குப் போகணும்."

"என்ன பூசை?"

"செத்த ஆன்மாக்களுக்கு வைக்கிறது. சாமியார்கிட்ட பேரக் குடுக்கணும். பேரக் குடுத்தா அவன் இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி."

போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, கடையைப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அவருடன் போனேன்.

வீதியைக் கடந்தால் அவர்கள் வீடு. முன்னறைச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். அதன் கீழே தீ நாக்கு மாதிரி ஒரு சின்னச் சிவப்பு பல்பு. பல்புக்கு நேர் கீழே, ஸ்டூலில் விரித்த லேஸ் துணியின் மேல் செடி. நல்ல வளர்த்தி. தோட்டத்து ஆடு கண்டால் வீடு வரைக்கும் வந்துவிடும், அப்படி ஒரு பச்சை. ஆனால் நுனியில்கூட ஒரு சொட்டுச் சிவப்பு தொடங்கும் சாடை இல்லை. இராயப்பண்ணன் சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு இருந்தார். எல்கடுவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து பாக்டரியில் காலமெல்லாம் வேலை செய்து பென்சன் வாங்கியவர். என்னைக் கண்டதும், "வாங்க டாக்டர்" என்றார்.

"அக்கா, இந்த பல்பு ராவைக்கும் எரியுதா?"

"எரியும். அவன் போன அன்னிக்குப் போட்டது. அவன் வந்து அவன் கையாலதான் அணைக்கணும்."

எனக்கு விளங்கிவிட்டது. நான் செடி எடுப்பது மலைக்கு மேலே ஒரு நர்சரியில். அங்கே ஒக்டோபர் வந்தால் பொழுது சாயும் முன்பே பாத்திகளைக் கறுப்புப் பொலித்தீனால் மூடிவிடுவார்கள், விடிந்து நல்ல வெயில் வந்த பிறகுதான் திறப்பார்கள். ஒரு வருஷம் காவல்காரனின் பல்பு வெளிச்சம் பொலித்தீன் கிழிசல் வழியாக ஒரு வரிசையில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு வரிசை மட்டும் பச்சையாகவே நின்றது. அதை மலிவாக எடுத்து, வேறு பெயர் சொல்லி விற்றேன். அது இப்போது வேண்டாம்.

"அக்கா, ராத்திரி நீளமாகுது எண்டு தெரிஞ்சாத்தான் இந்தச் செடி செவக்கும். உங்கட வீட்டுல இதுக்கு ராத்திரியே வரல்ல."

இராயப்பண்ணன் பேப்பரை மடித்தார். "அப்ப பல்ப அணைச்சுட்டா முடிஞ்சுது."

"அணைக்கிற கைய நா பாக்கிறேன்" என்றார் அக்கா.

"கரண்டு கட்டானா மட்டும்?"

"அது கரண்டுக்காரன் பாவம். அவன் தலையில."

"செடிய எடுத்துப் பின்னறையில வைக்கலாமே அக்கா" என்றேன்.

"ஒப்புக்குடுத்தத எடுக்கிறதா? அவர் காலடியில வச்சு, என் புள்ளைய நீர் பாத்துக்கும்னு சொல்லியிருக்கேன். இப்ப போய், கொஞ்சம் தாரும், பின்னறையில வச்சுட்டு வாரேன்னு சொல்லவா?"

அக்கா நேர்ந்துகொண்டது இரண்டு, பல்பும் செடியும். இரண்டில் ஒன்று மற்றதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வீடுகளில் செடி பட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூடி, தண்ணீர் குறைந்து, பூனை மூத்திரம் பெய்து. கும்பிட்டே ஒரு செடியை நிறுத்திவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சரி, எங்கயும் எடுக்க வாணாம். பொழுது சாயுற நேரம் ஒரு பெட்டியக் கவுத்து மூடுங்க. காலையில எடுங்க. பல்பும் எரியட்டும், செடியும் அங்கயே நிக்கட்டும்."

அக்கா படத்தைப் பார்த்தார். "மூடுறது பெரிய கிழமையிலதான் நானா. அதுவும் சுரூபத்த, ஊதாத் துணியால."

"நான் ஆண்டவர மூடச் செல்லல்லக்கா. செடிய மட்டும்தான்."

"அவர் முன்னால மூடிவச்சா அவருக்கு என்னத்தக் காட்டுறது?"

"காலையில தெறந்து காட்டுங்க. ராவைக்கு எல்லாருந்தான் போத்திப் படுக்கிறாங்க."

இராயப்பண்ணன் சிரித்துவிட்டார். அக்காவின் முகமும் கொஞ்சம் இளகியது. நான் கடையிலிருந்து, மேசைக் காற்றாடி வந்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தேடி, உள்ளே கறுப்புப் பொலித்தீன் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஜெபமாலை மாதம். பொழுது சாய்ந்தால் அக்கா வீடு வீடாகச் செபத்துக்குப் போய்விடுவார். மூடுகிற வேலை இராயப்பண்ணனிடம் வந்தது.

"மறந்துராதீங்க" என்றார் அக்கா.

"மறந்தா உனக்குத்தானே நட்டம். எனக்கென்ன" என்றார் அவர். அன்றைக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

அந்த மாதம் முடிய முன்பே அவர் என் கடைக்கு வந்தார். வேண்டாத ஒரு சட்டியை எடுத்து விலை கேட்டார், கூடுதல் என்றார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். என்னிடம் சாமான் வாங்க வராதவர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"எத்தன நாள் மூடாம விட்டா அது பச்சையாவே நிக்கும்?"

"அண்ணே, பேச்சுல தோத்தாப் போகுது. அக்காதானே, விட்டுக்குடுங்க."

அவர் ஒரு கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்தார். சட்டி தாங்குமா என்று நான் யோசித்தேன். மனுஷன் அடுத்துச் சொல்லப்போவது தெரிந்திருந்தால் அந்த யோசனை வந்திராது.

"கலேவெலைக்குப் போயிட்டு வாரேன் நானா. அங்க ஒரு சிங்களப் பொடியன் வந்திருக்கான், ஒரு கால் இல்லாம. அதே ஏஜென்சில போனவன். அவங்கம்மா போன் நம்பர் ஒருத்தர் மூலமா கெடைச்சுது."

"ரஜீவத் தெரியுமாமா?"

"ஒரே குழியில இருந்தானுங்களாம். குசினி இல்லையாம் நானா. ஒரு நாள்கூடக் குசினில நிக்கலையாம்."

வீதியில் ஒரு யாழ்ப்பாண பஸ் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு நான் கேட்டேன்.

"கண்ணால பாத்தானாமா?"

"பாத்தானாம். எடுத்து மூடக்கூட முடியலையாம். ஓடி வந்துட்டாங்களாம்."

"அக்காக்கிட்ட?"

"எப்படிச் சொல்றது? சோறு போட வரப்ப சொல்லவா, தச்சுக்கிட்டு இருக்கிறப்ப சொல்லவா? நா சொல்லிட்டா, நா சொன்னேங்கிறது சாகிற வரைக்கும் இருக்கும். செடி பச்சையா நின்னா அவளாத் தலையாட்டிருவா. அந்தச் செடி சொல்லட்டும். நா கூட நிக்கிறேன்."

நான் செத்த மிளகாய்க் கன்றை உயிரோடு இருக்கிறது என்று விற்ற வாய். அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். கொஞ்ச நாள் தொடர்ந்து மூடாமல் விட்டாலே போதும், பல்பு பார்த்துக்கொள்ளும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் என் பெஞ்சாதி பஸ்லாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத எனத்துக்கு நீங்க செல்லிக் குடுத்தீங்க?"

"கேட்டாருதானே."

"கேட்டா எல்லாத்தையும் குடுத்துருவீங்களா? ஒரு பொம்புளைட கடைசி நம்பிக்கை அது. கறுவேப்பிலைக் கன்றா, பாதைல வச்சு விக்க?"

"அப்ப பொய்ய நம்பிக்கிட்டு இரிக்கட்டுமா?"

"அது எனக்குத் தெரியா. ஆனா அத நீங்க செல்ல வாணாம்." மீனைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் பக்கம் நியாயம் இருந்ததா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு பின்னேரம் அவர்கள் வீட்டு வழியாகப் போனபோது ஜன்னலுக்குள்ளே பார்த்தேன். இராயப்பண்ணன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செடிக்கு முன்னால் நின்றார். சிவப்பு வெளிச்சம் அவருடைய நரை மயிரில் விழுந்தது. நான் குடைக்குக் கீழே நின்றேன். கனநேரம் கழித்து அவர் குனிந்து, இலை மடியாமல் கையால் ஒதுக்கி, பெட்டியைக் கவிழ்த்தார். பிறகு அடிப்பக்கத்து இடைவெளியில் ஒரு பழைய துவாயைச் சுற்றிச் செருகினார். வெளிச்சம் ஒரு நூல்கூட உள்ளே போகாது. அந்த நர்சரிக் காவல்காரன் பார்த்துப் படிக்கவேண்டிய மூடல்.

மறுநாள் கடைக்கு வந்து அவராகவே சொன்னார்.

"முடியல நானா. மூடாம விட்டுட்டு வெளிய போயிருவோம்னு பாக்கிறேன். காலு போகமாட்டேங்குது. அந்தப் பொடியன் சொன்னதுதான் காதுல. மூடக்கூட முடியலையாம்னு."

நான் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். பிறகு, "ஒங்க லொறிய ஒரு நாளைக்குத் தாறீங்களா? எல்கடுவைக்கு ஒரு பயணம் போகணும். நீங்களும் வரணும்" என்றார்.

எல்கடுவையில் அவர் வேலை செய்த தோட்டத்தில் ஒரு சின்னக் கோவில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பலாபத்வலை ஆட்கள் அங்கே போகமாட்டார்கள், அதுதான் கணக்கு. அக்காவிடம் பழைய கூட்டாளி ஒருவருக்குச் சுகமில்லை என்று சொல்லியிருந்தார். ஏறும் வழியெல்லாம் பனிமூட்டம், வைப்பர் அழுதுகொண்டே வந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் பகிடி ஒன்று தேடிப் பார்த்து, கிடைத்ததைச் சொல்லாமல் விட்டேன்.

நான் உள்ளே போகவில்லை. படியில் குடையோடு நின்றேன். லயத்து வீடுகளின் வேலிகளில் இதே செடி, ஆள் உயரத்துக்கு, காட்டுச் செடி மாதிரி நின்றது. யாரும் மூடவில்லை, யாரும் பார்க்கவுமில்லை, நுனியெல்லாம் சிவக்கத் தொடங்கியிருந்தது. அங்கே லைட் கம்பம் ஒன்றும் இல்லை. உள்ளே சாமியார் செத்தவர்களின் பெயர்களை வாசித்தார். ஏழெட்டுப் பெயர்களுக்கு நடுவில் ரஜீவ் என்று ஒரு தரம் கேட்டது. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"பாக்டரி இராயப்பனா உள்ள? யாருக்குப் பூச வச்சிருக்காரு?"

"தெரியா அம்மா. நான் டிரைவர்."

பூசை முடிந்து அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. முகம் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. லொறியில் ஏறியதும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னார். "கொஞ்சம் வெரசாப் போங்க நானா. இருட்டுறதுக்குள்ள மூடணும்."

டிசம்பர் பிறந்து இரண்டாம் கிழமை செடி சிவந்தது. முதலில் உச்சி இலையின் நரம்புகள் மட்டும், கண்ணில் தூசி விழுந்தால் வெள்ளை விழியில் ஓடுமே, அந்த மாதிரி. பிறகு இலை இலையாக. கடைசியில் அப்படி ஒரு சிவப்பு, அந்த வருஷம் நான் இறக்கிய சரக்கில் எதற்கும் இல்லை. பார்த்த வாடிக்கைக்காரர்கள் என்னிடம் வந்து, டொறீன் வீட்டுச் செடி மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். அந்தக் கிழமை நல்ல வியாபாரம். நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பஸ்லாகூட நம்பமாட்டாள், ஆனால் அதுதான் உண்மை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் டொறீன் அக்கா ஒரு தட்டில் கேக்கும் கொக்கீஸ் பலகாரமும் கொண்டுவந்தார். மேலே பூப்போட்ட துணி. கடையில் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் ஒரு சட்டிக்காக என்னோடு மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் போகும்வரை அக்கா ஓரமாக நின்றார்.

"செவந்துருச்சு நானா. நீங்க சொன்ன மாதிரியே."

"சந்தோசம் அக்கா. பஸ்லா கண்டா கேக்க எனக்கு மிச்சம் வைக்கமாட்டா."

"அவரு பூசப் பேச்ச எடுக்கல."

"அதுதானே உங்கட பேச்சு. செவந்தா எடுக்கக்கூடாது எண்டு."

"இப்ப இல்ல நானா. ஜெபமாலை மாசம் முடியறப்பவே எடுக்கல. அதுக்கு முந்தி சோத்துல ஒக்காந்தாச் சண்ட. பேரக் குடுடி, பேரக் குடுடின்னு. திடீர்னு நின்னுருச்சு. அன்னையிலேருந்து, தண்ணி ஊத்துனியா, எல வாடுதா, சன்னல் பக்கம் காத்து அடிக்குதான்னு என்னைய விட அவருதான் செடியப் பாக்குறாரு. ஒரு நாள் மூட மறக்கல. எங்க கல்யாண நாள மறக்கிற மனுசன்."

நான் சட்டிகளை அடுக்கத் தொடங்கினேன். அடுக்கியிருந்த சட்டிகளைத்தான்.

"நீங்க யாவாரி" என்றார். "ஒருத்தன் ஒங்ககிட்ட மணிக்கணக்கா விலைக்குச் சண்ட புடிக்கிறான். பொறகு திடீர்னு வாய மூடிட்டு, நீங்க சொன்னதுக்கே சரிங்கிறான். அதுக்கு என்ன அர்த்தம்?"

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவன் இடையில் வேறு எங்கேயோ போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறான். உண்மை விலை அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் வாங்கப்போவதும் இல்லை.

"ஆளுக்கு ஆள் மாறும் அக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன், ஒரு வாடிக்கைக்காரருக்கு முன்னால் தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான்.

வெள்ளைக்காரர்களின் வேன் ஒன்று வந்து நின்றது. யாரோ இறங்கி, சட்டிகளைப் போட்டோ பிடித்துவிட்டுப் போனார்கள்.

"சொல்லாதீங்க" என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார். "அவரும் சொல்லாம இருக்கட்டும். பேச்சு பேச்சுதான். செவந்தா பூச இல்ல."

அவருடைய கைகள் அந்தப் பூப்போட்ட துணியை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தன. இதற்கு மேல் மடிக்க முடியாது என்ற அளவுக்கு வந்ததும் விரித்து, மறுபடி தொடங்கினார்.

"எல கொட்டுனதும் வெட்டணும்ல? எப்ப வெட்டுறது?"

"உயிர்ப்பு ஞாயிறு கழியட்டும். ஒரு சாணுக்கு விட்டு வெட்டுங்க. புது மண்ணு நான் தாரேன்."

"அந்தப் பெட்டி அடிப்பக்கம் ஊறிப் பிஞ்சுருச்சு. அடுத்த வருசத்துக்கு வேற ஒன்னு இருந்தா எடுத்து வைங்க. கொஞ்சம் பெருசா. செடி வளந்துரும்."

எடுத்து வைக்கிறேன் என்றேன். அவர் வீதியோரம் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லொறிக்கும் ஒரு பஸ்ஸுக்கும் வழிவிட்டு, மெதுவாகக் கடந்து போனார். வாசலில் இராயப்பண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா அவருடைய சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டுவிட்டு உள்ளே போனார்.